தென்னக்கோன் வீட்டு ட்ரக்டர்

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஜூலை மாதம், அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கே தென்னக்கோன் வீட்டு ஜீப் வாசலில் வந்து நின்றது. அழகமுத்துவுக்கு அது நல்லதாகப் படவில்லை. அந்த வீட்டில் தண்ணீர் மோட்டார் நின்றாலும் மின்விசிறி நின்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் அடுத்த வாரம் வந்தால் போதும் என்று சாவகாசமாகத்தான் சொல்லி அனுப்புவார்கள். இன்றைக்கு டிரைவர் கீழே இறங்கவே இல்லை. எஞ்சினை ஓடவிட்டபடியே, "பாஸுன்னே, சாமான் பெட்டியை எடுத்துக்கொண்டு ஏறுங்க. புல் வெட்டுற ட்ரக்டரை இன்றைக்கே முடிச்சுத் தரணுமாம்" என்று சிங்களத்தில் சொன்னான்.

கைத்தொழில் தெரிந்தவனைச் சிங்களத்தில் அப்படித்தான் மரியாதையாக அழைப்பார்கள். குண்டசாலையில் பாஸுன்னே என்றால் அது அழகமுத்துதான். தலவாக்கலைத் தோட்டமொன்றில் பிறந்தவன். கண்டி டவுனில் மோட்டார் சுற்றும் கடை வைத்திருந்தான். கொக்கோத் தோட்டத்து ஓரமாக ஒரு துண்டு நிலம் வாங்கி, இரண்டு அறை வீடும் கட்டி ஆறு வருடமாகிவிட்டது. மூன்று வாரத்துக்கு முன் கிணற்றடியில் வழுக்கி விழுந்ததில் மனைவி யசோதாவுக்குக் கால் இரண்டு இடத்தில் முறிந்து போனது. பேராதனை ஆஸ்பத்திரியில் தொடையிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டுப் போட்டு அனுப்பியிருந்தார்கள். ஒரே மகள் தலவாக்கலையில் அத்தை வீட்டில் தங்கிப் படித்தாள்.

"கொழும்புல ஊரடங்குச் சட்டம்னு ராத்திரி ரேடியோவில சொன்னாங்களே. இன்னிக்குப் போகத்தான் வேணுமா?" என்றாள் யசோதா கட்டிலில் இருந்தபடி.

"கொழும்பு எங்க, நாம எங்க? டவுன் கடையத் தொறக்கிறதுக்கு இது பக்கந்தானே. கையெட்டுற தூரத்துல இருக்கேன். கதவ உள்ளுக்குப் போட்டுக்க" என்றான். அவளால் எட்டிக் கொண்டி போட முடியாதென்பது படியிறங்கிய பிறகுதான் உறைத்தது. திரும்பிப் போய் வெளியில் பூட்டுப் போட்டுச் சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

தென்னக்கோன் நீர்ப்பாசனத் துறையில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அமெரிக்காவில் மூன்று வருடம் படித்துவிட்டு வந்தபோது கப்பலில் கொண்டுவந்த ட்ரக்டர் அது. டீசலும் இல்லை, புகையும் இல்லை. ஆறு பெரிய பற்றரிகளில் ஓடும். மகாவலி ஆறு வரை சரிந்து போகும் அவருடைய புல்வெளியில் அது சத்தமில்லாமல் ஊர்ந்து போவதைப் பார்க்க, சனம் வேலியோரம் நிற்கும். மனைவி செத்த பிறகு அந்த மனுசன் கையால் துடைத்துப் பராமரித்த பொருள் அது ஒன்றுதான்.

இரண்டு வாரத்துக்கு முன் தோட்டக்காரன் சாவியைத் திருப்பியதும் அது ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து அவனைச் சுவரோடு வைத்து நசுக்கிவிட்டது. விலா எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். அன்றிலிருந்து யாரும் அதைத் தொடவில்லை.

கராஜில் ஜாக்கி வைத்துத் தூக்கி, கீழே படுத்துப் பார்த்ததும் அழகமுத்துவுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு நெம்புகோல். அதற்கு மூன்று படிகள். முதல் படியில் மின்சாரம் தடித்த கம்பிச் சுருள்களுக்குள் புகுந்து, பாதிப் பலத்தைச் சூடாக அங்கேயே இறக்கிவிட்டு மோட்டாருக்குப் போகும். வண்டி நடை வேகத்தில் நகரும். நெம்புகோலை உயர்த்த உயர்த்தச் பொயின்டு என்கிற செப்புத் தொடுமுனைகள் ஒவ்வொன்றாக மூடிச் சுருள்களைத் தாண்டிக் குறுக்கு வழி கொடுக்கும், வேகம் கூடும். இங்கே இரண்டு பொயின்டுகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிப்போய்க் கிடந்தன. சாவி திருப்பினாலே முழுப் பலமும் மோட்டாருக்குத்தான். போதாக்குறைக்கு ஒரு சுருள் துருப்பிடித்து நடுவில் அறுந்திருந்தது.

"எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டார் தென்னக்கோன்.

"நாளைக்குப் பகலுக்குள்ள குடுத்துடலாம், மாத்தயா. பொயின்டு ஒண்ணு டவுன் கடையில கிடக்கு, எடுத்துட்டு வரணும்."

"டவுனுக்குப் போக வேண்டாம். நாளைக்கு வேண்டாம். இன்றைக்கே."

"மழை பெய்யுது, புல்லு கூட ஈரம். அப்பிடி என்ன அவசரம்?"

அவர் உள்ளே போய்விட்டார். பத்து மணிபோல வீட்டுக்குள் டெலிபோன் அடித்தது. தணிந்த குரலில் நெடுநேரம் பேசினார். வெளியே வந்ததும் டிரைவரிடம் ஏதோ சொன்னார். முன் கேட்டைச் சங்கிலி போட்டுப் பூட்டும் ஓசை அழகமுத்துவுக்குக் கேட்டது. பிறகு ஒரு கதிரையைத் தூக்கிக் கராஜ் வாசலில் போடச் சொல்லி, வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு அதிலேயே உட்கார்ந்துவிட்டார். தேத்தண்ணீர் வந்தது. பாணும் சம்பலும் வந்தன. வீட்டுக்குப் போய் மனைவியைப் பார்த்துவிட்டு வரலாமா என்று கேட்டதற்கு, "வேலையைப் பார்" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. அதுதான் அவனை உறுத்தியது.

பன்னிரண்டு மணி தாண்டியதும் முன் கேட் திறந்தது. ஒரு வேன் உள்ளே வந்தது. அழகமுத்து அப்போது ட்ரக்டருக்கு அடியில் மல்லாந்து கிடந்தான், வந்தவர்களின் கால்கள்தான் தெரிந்தன. பளபளவென்ற ஒரு சோடி சப்பாத்து, இரண்டு சோடி ரப்பர் செருப்பு. கதிரைக்கு நாலடி தள்ளி நின்றன.

"குண்டசாலைப் பக்கம் பன்னிரண்டு தமிழ் வீடு இருக்கு சேர்" என்றது சப்பாத்துக்காரனின் குரல். தாள் புரளும் ஓசை. "எங்கட ஆட்களுக்கு வீடு அடையாளம் தெரியாது. பிழையாக எதையும் தொடக் கூடாதென்று உத்தரவு. அதுதான் சேரிடம் ஒருக்கால் காட்டலாம் என்று." ஒவ்வொரு பெயராக வாசித்தான். தென்னக்கோன் ஒவ்வொன்றுக்கும், "ம்… சந்திக்குப் பக்கத்தில்", "ம்… அது மாடி வீடு" என்று சொல்லிக்கொண்டு வந்தார். ஆள் விலாசம் கேட்ட தபால்காரனுக்கு வழி சொல்வது போல.

"கொக்கோத் தோட்டத்து ஓரம். அழகமுத்து. மனைவி யசோதா."

தென்னக்கோனின் கதிரை கிறீச்சிட்டது.

"அவன் பாஸ். இன்றைக்கு என்னிடம் வேலை செய்கிறான்."

"இங்கேயா?"

"வேலை முடியட்டும். அந்த வீட்டைக் கடைசியாகப் பாருங்கள். ஐந்து மணிக்குப் பிறகு."

யாரோ சிரித்தார்கள். "சேர் சொன்னால் சரி" என்றான் சப்பாத்துக்காரன். பென்சில் தாளில் கோடிழுக்கும் ஓசை கேட்டது. கால்கள் திரும்பி நடந்தன. வேன் போனது.

அழகமுத்து அசையாமல் கிடந்தான். பற்றரியின் அமிலம் சொட்டு சொட்டாக மணிக்கட்டில் விழுந்து கொண்டிருந்தது; எரிச்சல் தெரியவில்லை. கத்தலாம் என்று தோன்றியது. எழுந்து ஓடலாம் என்று தோன்றியது. கேட்டில் சங்கிலி, பக்கத்தில் டிரைவர். ஓடினாலும் யசோதாவைத் தோளில் சுமந்து கொண்டு பகல் வெளிச்சத்தில் ரோட்டால் எவ்வளவு தூரம் போக முடியும்? அவளால் ஒரு அடி எடுத்து வைக்க முடியாது. பூட்டிய வீட்டுக்குள் கட்டிலில் கிடக்கிறாள். சட்டைப் பையிலிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்தான். பூட்டியவன் தானே அல்லவா?

அதற்குப் பிறகு அவன் வேலை செய்த மாதிரி வாழ்நாளில் செய்ததில்லை. ஒட்டிப்போன பொயின்டுகளை உளி வைத்துத் தட்டிப் பிரித்தான். கருகிய முகத்தை அரத்தால் ராவி மினுமினுப்பாக்கினான். அறுந்த சுருளின் இரு நுனிகளையும் சுரண்டி, பித்தளைப் போல்ட்டும் நட்டும் போட்டு இறுக்கினான். தென்னக்கோன் கதிரையை விட்டு எழவில்லை. ஒரு தடவை குனிந்து, "நல்ல கை உனக்கு" என்றார். அழகமுத்து அடுத்த நட்டை எடுத்தான்.

மூன்று மணிக்கு, சக்கரம் தரையில் படாதபடி தூக்கி வைத்து, சாவியைத் திருப்பினான். முதல் படி: சக்கரம் மெல்லச் சுழன்றது. இரண்டு. மூன்று. மறுபடி ஒன்று. ஒவ்வொரு படிக்கும் உள்ளே டக், டக் என்று பொயின்டுகள் விழுந்து எழுந்தன. தென்னக்கோனின் முகம் மலர்ந்துவிட்டது. சின்னப் பிள்ளை போலக் கையைத் தட்டினார்.

"மாத்தயா, இது பத்தாது" என்றான் அழகமுத்து. "வெறும் சக்கரம் சுத்தினா கம்பி எவ்வளவு சூடாகுதுன்னு தெரியாது. ட்ரெய்லரக் கொழுவி, புல்லு ஏத்தி, ஆத்துப் பக்கம் மேடு பள்ளத்துல ஓட்டிப் பாக்கணும். இல்லாட்டி திரும்பவும் ஒட்டிக்கும்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று இருபது. பிறகு அவனைப் பார்த்தார்.

"பின் கேட் பூட்டியிருக்கிறது."

"சாவி குடுங்க."

தென்னக்கோன் சாவிக் கொத்திலிருந்து ஒன்றை மட்டும் கழற்றி, அவன் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார்.

"ட்ரக்டர் கவனம்" என்றார்.

கராஜில் தொங்கிய தோட்டக்காரனின் தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கராஜ் பக்கத்தில் குவிந்து கிடந்த ஈரப் புல்லை ட்ரெய்லரில் ஏற்றிக் கொழுவி, அழகமுத்து பின் கேட்டால் புறப்பட்டான். கொக்கோ மரங்களுக்கிடையே போகும் வண்டிப் பாதையில் வீடு முக்கால் மைல். கண்டிப் பக்கமாக வானத்தில் கறுப்புப் புகை நிமிர்ந்து நின்றது. ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கி நிறுத்திவிட்டான். சந்தியிலிருந்தும் மாடி வீட்டுப் பக்கமிருந்தும் சத்தம் கேட்டது.

பூட்டைத் திறந்து உள்ளே போனபோது யசோதா கட்டிலை விட்டுத் தரையில் இறங்கி, சுவரோரமாக நகர்ந்து வந்து கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் தகரப் பெட்டி.

"சத்தம் கேட்டுச்சுங்க" என்றாள். "ஜன்னல் வழியா புகையப் பாத்தேன். பிரஜாவுரிமைப் பத்திரம், பிள்ளையோட பொறப்புச் சாட்சி, எல்லாம் இதுக்குள்ள வச்சிட்டேன். எங்க போறோம்?"

"றலியா ராத்தா மில்லுக்கு. பேசாத. புல்லுக்குள்ள படுக்கணும். என்ன நடந்தாலும் வாயத் தொறக்கக் கூடாது."

றலியாவை எல்லோரும் அக்கா முறையில் ராத்தா என்பார்கள்; அலவத்துகொடையில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த முஸ்லிம் பெண். கணவன் மௌத்தான பிறகு ஆற்றோரம் இருந்த சின்ன நெல் மில்லைத் தனியாக நடத்தினாள். அவளுடைய மோட்டாரை அழகமுத்து மூன்று தடவை சுற்றிக் கொடுத்திருக்கிறான். வேறு யாரையும் அவனுக்கு நினைவு வரவில்லை.

யசோதாவைத் தூக்கி ட்ரெய்லரில் கிடத்தி, சாக்கு விரித்து, மேலே ஈரப் புல்லை அள்ளிப் போட்டான். கதவை மறுபடி பூட்டினான். மில்லுக்குப் போக ஒரு இருநூறு கஜம் பெரிய ரோட்டில் ஏறத்தான் வேண்டும். முதல் படியிலேயே வைத்து, நடை வேகத்தில், அவசரமில்லாத வேலைக்காரனைப் போல ரோட்டில் ஏற்றினான்.

திருப்பத்தில் ஒரு லொறி நின்றது. ஏழெட்டுப் பேர் அதிலிருந்து பெற்றோல் கேன்களை இறக்கிக் கொண்டிருந்தார்கள். வெளியூர் முகங்கள். ஒருவனுக்கு மட்டும் ட்ரக்டர் அடையாளம் தெரிந்தது. "அது தென்னக்கோன் சேருடையது, விடு" என்றான். அழகமுத்து தொப்பியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தான். அப்போதுதான் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவன், சாரத்தை மடித்துக் கட்டியவன், கையில் இரும்புக் குழாயோடு ஓடிவந்து ட்ரெய்லரில் தாவி ஏறிப் புல்லின் மேல் உட்கார்ந்தான்.

அவன் உட்கார்ந்த இடத்துக்கு நேர்கீழே யசோதாவின் முறிந்த கால்.

"சத்தமே இல்லையே! இது என்ன வண்டி?" என்றான் சிங்களத்தில்.

"பற்றரியில் ஓடுது அண்ணன். அமெரிக்கச் சாமான்." அழகமுத்துவின் சிங்களம் அந்த ஊர்க்காரர் பேசுகிற சிங்களந்தான். ஆனாலும் ஒவ்வொரு சொல்லையும் பார்த்துப் பார்த்து வைத்தான்.

"கொக்கோத் தோட்டத்தால தானே வந்தாய்? அங்கே ஒரு தமிழ் பாஸ் வீடு இருக்காமே. ஆட்கள் இருக்கிறார்களா?"

"கண்டேன். வெளியில் பூட்டுத் தொங்குது."

"ஓடிட்டான் போல." அவன் குழாயால் ட்ரெய்லர் தகரத்தில் தாளம் போட்டான். ஒவ்வொரு அடியும் அழகமுத்துவின் முதுகில் விழுந்தது. "இவ்வளவு மெதுவாகத்தான் போகுமா?"

"கூடவும் போகும்."

"போ பார்ப்போம்!"

அழகமுத்து நெம்புகோலை இரண்டாம் படிக்கும் பிறகு மூன்றாம் படிக்கும் தூக்கினான். பொயின்டுகள் டக்கென்று விழுந்தன. வண்டி எகிறிப் பாய்ந்தது. குழியில் விழுந்து எழும்பியது. அந்த மனுசன் ட்ரெய்லரில் குதித்துக் குதித்துச் சிரித்தான். நல்ல வெள்ளந்தியான சிரிப்பு, வீட்டில் பிள்ளைகளோடு சிரிக்கிற சிரிப்பு. ஒவ்வொரு குதிப்பிலும் தன் மனைவியின் எலும்பு என்ன ஆகும் என்று அழகமுத்துவுக்குத் தெரிந்தது. புல்லுக்குள்ளிருந்து மூச்சுச் சத்தம்கூட வரவில்லை. செத்துவிட்டாளோ என்று நினைத்தான்.

"போதும், போதும், நிறுத்து" என்று ஆற்றுக்குத் திரும்பும் இடத்தில் அவன் இறங்கிக்கொண்டான். உடம்பில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டு, "பின்னேரம் ரோட்டுப் பக்கம் வராதே. சண்டித்தனமான பொடியன்கள் நிற்கிறார்கள்" என்று புத்தி சொல்லிவிட்டு லொறியை நோக்கி நடந்தான்.

மில் முற்றத்தில் வண்டி நின்றபோது றலியா முக்காட்டை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. புல்லை விலக்கினாள். யசோதா தன் சேலைத் தலைப்பைப் பல்லுக்கிடையில் திணித்து வைத்திருந்தாள். உதடு கிழிந்து இரத்தம் வழிந்திருந்தது. கண் திறந்திருந்தது.

"யா அல்லாஹ்! தூக்குங்க தம்பி, உள்ளுக்கு, நெல்லு மூட்டைக்குப் பொறகால" என்றாள் றலியா. "நம்மட ஊட்டுல எத்தின நாளைக்கும் இரிக்கலாம். ஆனா இருமக்கூடாது, வெளங்கிச்சா?"

ஐந்தே காலுக்குக் கொக்கோத் தோட்டத்துப் பக்கமிருந்து புகை எழுந்தது. நெல் அறையின் சுவர் ஓட்டை வழியாக இருவரும் அதைப் பார்த்தார்கள். யசோதா அவன் கையை விடாமல் பிடித்திருந்தாள். மூன்று நாள் அங்கேயே கிடந்தார்கள். மில்லில் வேலை செய்யும் கிழவர் மறுநாளே ட்ரக்டரைக் கொண்டுபோய்த் தென்னக்கோன் வீட்டுப் பின் கேட்டில் விட்டுவிட்டு வந்தார். நான்காம் நாள் றலியா ஏற்பாடு செய்த நெல் லொறியில், மூட்டைகளுக்கு நடுவில், கண்டியில் ஒரு பாடசாலையில் திறந்திருந்த அகதி முகாமுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். டவுன் கடை இருந்த வரிசையே கரியாகக் கிடந்தது. குண்டசாலையில் மாடி வீட்டுக்காரரும் அவருடைய மூத்த மகனும் தப்பவில்லை என்று முகாமில்தான் தெரிய வந்தது.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள் தென்னக்கோன் முகாமுக்கு வந்தார். கையில் பால்மா டின், இரண்டு இறாத்தல் பாண். வகுப்பறை வாசலில் நின்று அழகமுத்துவைக் கூப்பிட்டார். வராந்தாவில் ஒதுங்கி நின்றார்கள்.

"மனைவி சுகமா?"

"கால் திரும்பவும் ஒடஞ்சிருக்கு. வேற கட்டுப் போட்டிருக்காங்க."

அவர் தலையாட்டினார். "நீ வண்டிக்கு அடியில் கிடந்து எல்லாம் கேட்டாய் என்று எனக்குத் தெரியும். நான் ஐந்து மணி என்று சொல்லாமல் விட்டிருந்தால் பன்னிரண்டரைக்கே போயிருப்பார்கள். அதையும் யோசித்துப் பார்."

அழகமுத்து அதை எத்தனையோ தடவை யோசித்திருந்தான். அது உண்மைதான். அந்த உண்மையை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

"பத்து மணிக்கு டெலிபோன் வந்துச்சே மாத்தயா. அப்பவே, ஓடுடான்னு ஒரு சொல்லு சொல்லியிருக்கலாமே?"

தென்னக்கோன் அவனை வியப்போடு பார்த்தார். "வேலை முடியவில்லையே" என்றார்.

"மத்தப் பதினோரு வீடு?"

அவர் சுவரில் ஒட்டியிருந்த பிள்ளைகள் வரைந்த படங்களைப் பார்த்தார். பாண் பார்சலை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, "முதல் வேகம் நன்றாக இருக்கிறது. இரண்டாவதுதான் விழ மாட்டேன் என்கிறது. ஜீப் வெளியில் நிற்கிறது. ஒரு மணி நேர வேலைதான். நானே திரும்பக் கொண்டுவந்து விடுகிறேன்" என்றார்.

"பொயின்டு முகம் கருகியிருக்கும். அரத்தால ராவினாச் சரி" என்றான் அழகமுத்து. "நான் வரல, மாத்தயா."

அவர் பால்மாவையும் பாணையும் படியில் வைத்துவிட்டுப் போனார். முதுகு கூனியிருந்தது. அதைப் பார்க்க அழகமுத்துவுக்குக் கோபம் வரவில்லை; ஏதோ குளிர் மாதிரி உடம்பில் ஏறியது.

உள்ளே வந்ததும் யசோதா கேட்டாள். தாளில் பெயர் வாசித்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னான். அவள் பாணைத் தொடவில்லை. பக்கத்துப் பாயில் படுத்திருந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொன்னாள்.

"நம்மளக் காப்பாத்தினாருன்னு சொல்றதா, காட்டிக் குடுத்தாருன்னு சொல்றதா?" என்று கேட்டான் அவன்.

"ரெண்டுந்தான் செஞ்சாரு" என்றாள் அவள். "மகளுக்கு லெட்டர் எழுதுங்க. வாறோம்னு எழுதுங்க."

செப்டம்பரில் பேராதனைச் சந்தியில் ரயிலேறித் தலவாக்கலைக்குப் போனார்கள். யசோதாவின் கால் ஒரு அங்குலம் குட்டையாகவே பொருந்தியது. அழகமுத்துவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் மோட்டார் பார்க்கிற வேலை கிடைத்தது. முதல் வாரமே ஒரு கிளார்க் அவர்கள் குடியேறிய லயத்து வரிசை வீட்டுக்கு வந்து, எந்த ஊரிலிருந்து வந்தீர்கள், எத்தனை பேர், கதவிலக்கம் என்ன என்று கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டான். தோட்டத்துப் பதிவுக்குத்தான் என்றான். அழகமுத்து பெயரைச் சொன்னான். யசோதா தன் பெயரைச் சொல்லாமல், அந்த மனிதனின் கையிலிருந்த பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.